என்னைத் தெரியுதா?

பதினான்கு தடவை மூச்சு நின்றிருந்தது. பதின்மூன்று தடவை தானாகத் திரும்பி வந்துவிட்டது. பதினான்காவது தடவை வரவில்லை.

அந்தப் பதினான்காவது தடவை நின்றது கடையநல்லூரில் செய்யதலி பாத்திமா என்ற எழுபத்தொரு வயது அம்மாளுக்கு. மருத்துவமனை 'இயற்கை மரணம்' என்று எழுதி, அவர் மண்டைக்குள் இருந்த எங்கள் சில்லை எடுத்துப் பஞ்சில் பொதிந்து அனுப்பியிருந்தது. எனக்கு அந்த இயற்கை மேல் நம்பிக்கை வரவில்லை. ஓடுகிற கடிகாரம் நின்றால் கடைக்காரனைத்தானே கேட்பார்கள். இங்கே கடைக்காரி நான்.

என் பெயர் செண்பகவல்லி. பாளையங்கோட்டையில் ஒரு சில்லு நிறுவனத்தில் பதினெட்டு வருஷமாக நிரல் எழுதுகிறேன். வாய் நீளம் என்று அலுவலகத்தில் பேர். இருந்துவிட்டுப் போகட்டும், கை சுத்தம் என்றுதான் அது வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சில்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். விபத்தில் பின்மண்டையில் அடிபட்டவர்களில் சிலருக்கு இரண்டு சங்கதி சேர்ந்தே போய்விடும். மூச்சின் தாளம் கெட்டுவிடும். முகம் ஒன்றும் அடையாளம் தெரியாது. பெற்ற பிள்ளை எதிரே வந்து நின்றாலும் யாரோ நிற்பதாகத்தான் தெரியும். மண்டைக்குள் இரண்டு சில்லு வைக்க இடம் இல்லை என்பதால் ஒரே சில்லில் இரண்டு வேலையையும் வைத்தோம். உள்ளே இருக்கும் மூலநிரல் மூச்சைப் பார்த்துக்கொள்ளும். அதை நாங்கள் உள்கட்டு என்போம். முகங்களைச் சேர்த்து வைத்துப் பெயர் எடுத்துக் கொடுக்கும் நிரல் வெளிக்கட்டு. வெளிக்கட்டு என்ன கூத்தடித்தாலும் உள்கட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. இதுதான் முதல் விதி, கடைசி விதியும் இதுதான். இந்த மாவட்டத்திலும் பக்கத்து மாவட்டத்திலுமாக இரண்டாயிரத்து எண்ணூறு பேர் அந்த விதியை நம்பித்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

பதினான்கு பதிவையும் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை, கல்யாண நாள், புது வீட்டில் பால் காய்ச்சிய நாள், இல்லாவிட்டால் மருத்துவமனையில் பார்வையாளர் நேரம். தனியாக இருக்கும்போது ஒருவருக்கும் நிற்கவில்லை. எங்கள் மேலாளர் தியோடர் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்றார். தியோடர் என்னிடம் வேலை பழகி மேலே போனவர். இன்னமும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். பதினான்கு காக்கை, பதினான்கு பனம்பழமா என்று கேட்டுவிட்டு அம்பாசமுத்திரத்துக்கு, எங்கள் வாயில் அம்பைக்கு, பஸ் ஏறினேன். பதினான்கில் மூன்று அங்கே ஒரே ஆளுக்கு நடந்திருந்தது.

அவர் நல்லபெருமாள், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மனிதர் கையால் டிக்கெட் கிழித்துக் கொடுத்த கடைசித் தலைமுறை. வெளிக்கட்டில் முந்நூறு முகத்துக்குத்தான் இடம். மற்றவர்கள் எண்பது, தொண்ணூறு முகத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். இவர் முந்நூறையும் நிரப்பி வைத்திருந்தார். சொந்தக்காரர், டெப்போ ஆட்கள், முப்பது வருஷமாக அதே சீட்டில் உட்கார்ந்து வந்த பயணிகள் எல்லாரும் உண்டு. என்னைச் சேர்க்க இடம் இல்லை என்றதும், தனக்கு மெமோ கொடுத்த ஒரு செக்கிங் இன்ஸ்பெக்டரை அழித்துவிட்டு அந்த இடத்தில் என்னைப் போட்டார். முகம் சேர்க்கவும் அழிக்கவும் நெற்றியில் வைத்திருந்த பொத்தானை அழுத்திக்கொண்டே, "இந்தாளை எறக்கி விட எத்தனை வருசமா பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். அவர் மனைவி பேச்சியம்மாள் சிரித்துக்கொண்டே எனக்குச் சுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தார். அண்ணாச்சி, மதினி என்று கூப்பிட எனக்கு அரை நாள்கூட ஆகவில்லை.

மூச்சைக் கோடாகக் காட்டும் கருவியை அவருக்கு மாட்டிவிட்டு இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூச்சு ஒழுங்காக ஓடியது. மூன்றாம் நாள் ஞாயிறு. தென்காசியிலிருந்து அவருடைய தங்கச்சிமார் இரண்டு பேர் வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"அண்ணே, என்னைத் தெரியுதா?"

கருவியில் கோடு படுத்துவிட்டது.

பத்தொன்பது நொடி. அண்ணாச்சியின் உதடு நிறம் மாறுவதை நான் பார்த்தேன். மதினி அவர் நெஞ்சில் உள்ளங்கையால் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. பிறகு சில்லுக்குள் இருக்கும் காவல்நிரல் விழித்து மூச்சைத் தூக்கி நிறுத்தியது. அவர் கண்ணைத் திறந்து, எல்லாரும் ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. நம் ஊரில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் பழம் வாங்கிப் போகிறார்களோ இல்லையோ, இந்தக் கேள்வியைக் கொண்டுபோகாமல் இருக்க மாட்டார்கள். அதையும் வரிசையில் நின்றா கேட்கிறோம்? நான் முந்தி நீ முந்தி என்று கட்டிலைச் சுற்றி நின்று கேட்போம். எங்கள் சோதனைக்கூடத்திலோ அடைத்த அறை, ஒரு நாற்காலி, ஒரு ஆள், ஒரு கேள்வி. பதினோரு வருஷமாக அப்படியேதான் சோதித்துப் 'பாஸ்' போட்டுக்கொண்டிருந்தோம்.

அன்று மத்தியானமே நிரலைத் திறந்தேன். தேடுகிற இடம் தெரிந்துவிட்டதால் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த வரிக்குப் பக்கத்தில் எழுதியவர் குறி இருந்தது: செ.வ.

நான்தான்.

முதலில் அதைச் சரியாகத்தான் எழுதியிருந்தேன். பிறகு நானே மாற்றினேன். சரியாக எழுதியபோது பதில் வர அரை நொடி தாமதமானது. மண்டைக்குள் சூடேறக் கூடாது என்பதால் எங்கள் சில்லு மெதுவானது. அந்த அரை நொடிக்கு வீடு வீடாகப் புகார் வந்தது. 'என்னைப் பாத்ததும் யோசிச்சுல்ல பேரைச் சொல்லுதாரு' என்று ஒரு மருமகள் அழுதாள். சொந்தத்தை யோசித்துச் சொல்வது நம்மிடம் அவமானம். சரி, ஒரு படியைக் குறைத்தால் என்ன என்று குறைத்தேன். சாமர்த்தியக்காரி என்று எல்லாரும் மெச்சினார்கள். அன்றைக்குப் பாயசம் வைத்தார்கள், நானும் குடித்தேன்.

அதை மறைத்துவிட்டுத் திருத்தியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் கடையநல்லூரிலிருந்து வந்த சில்லு என் பையிலேயே இருந்தது. சாயங்காலம் அண்ணாச்சியையும் மதினியையும் உட்காரவைத்துச் சொன்னேன்.

எதிரே நிற்கும் முகத்துக்குப் பெயர் சொல்ல வேண்டி வந்ததும், கண் நரம்பிலிருந்து அதை எடுத்துத் தரச் சொல்லி வெளிக்கட்டு உள்கட்டிடம் கேட்கும். எந்த இடத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று ஒரு முகவரியைச் சீட்டில் எழுதி நீட்டும். அது வெளிக்கட்டு முகவரிதானா என்று உள்கட்டு பார்க்கும். சரியாக இருந்தால் முகத்தை எடுத்துக்கொண்டு வந்து, சீட்டை மறுபடி ஒரு தடவை பார்த்து, அந்த இடத்தில் வைக்கும். நான் இவ்வளவும் சொல்லி முடிப்பதற்குள் அண்ணாச்சி கையைத் தூக்கி நிறுத்தினார்.

"சீட்டு அது வரைக்கும் யார் கையில இருக்கு?"

"வெளிக்கட்டு கையிலதான், அண்ணாச்சி."

"அடப்பாவமே" என்று தொடையில் தட்டிக்கொண்டார். "நான் ஸ்கூல் ட்ரிப்பு போனப்ப இந்தக் கூத்தை தெனம் பாத்திருக்கேன். முன்வாசல்ல ஒருத்தன் பாஸைக் காட்டுவான். நான் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துருவேன். அது சன்னல் வழியா பின்வாசலுக்குப் போயிரும். அங்க அதே பாஸை இன்னொருத்தன் நீட்டுவான். அப்புறம் என்ன செஞ்சேன் தெரியுமா? நம்பரை என் கைநோட்டுல எழுதிக்கிட்டேன். பாஸை நீயே வச்சுக்கோ, எனக்கு என் நோட்டுதான் கணக்கு."

நாற்பது வருஷமாகப் பாடப்புத்தகங்கள் சொல்வதும் அதேதான். வெளியார் நீட்டும் முகவரியை முதலில் உன் இடத்தில் பிரதி எடுத்துக்கொள். பார்ப்பதும் பிரதியை, நடப்பதும் பிரதியின்படி. நான் குறைத்த படி அந்தக் கைநோட்டுதான். ஒரு கேள்வி நடுவில் இருக்கும்போதே இரண்டாவது கேள்வி வந்தால், வெளிக்கட்டு அதே சீட்டைத் திருத்த ஆரம்பித்துவிடும். பாதி பழைய எண், பாதி புது எண்ணாகச் சீட்டு எங்கேயோ கையைக் காட்டும். உள்கட்டு கேள்வி கேட்காமல் அங்கே போய் வைத்துவிடும். அந்தப் பத்தொன்பது நொடியும் தங்கச்சி முகம் போய் விழுந்து கிடந்தது மூச்சின் தாளத்தின் மேல்.

கடையநல்லூர் அம்மாளுக்கு என்ன ஆயிற்று என்று மதினி கேட்டார். சவூதியிலிருந்து வந்த பேரன்கள் நாலு பேரும் கட்டிலைச் சுற்றி நின்று கேட்டிருக்கிறார்கள். ஒரு பேரன் முகம் காவல்நிரல் இருந்த இடத்திலேயே விழுந்துவிட்டது. அதனால் மூச்சைத் திரும்ப எழுப்ப உள்ளே யாரும் இல்லை. இதைச் சொல்லி முடித்து, அந்த வரியை எழுதியது நான்தான் என்றும் சொன்னேன்.

மதினி எழுந்து உள்ளே போய்விட்டார். போகிற போக்கில், "எங்க வீட்டுக் காப்பியக் குடிச்சுக்கிட்டே இருந்தியே" என்றார். அது எனக்கு வேண்டியதுதான். அண்ணாச்சியிடம், திட்டுங்கள் என்றேன். திட்டினால் நோட்டு வந்துவிடுமா என்று கேட்டுவிட்டு, இன்னும் ஒன்பது நாளில் பங்குனி உத்திரம், தெரியும்தானே என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. உத்திரத்தன்று இந்தப் பக்கத்தில் எவன் எந்த ஊரில் இருந்தாலும் தன் குலசாமி சாஸ்தா கோயிலுக்கு வந்துவிடுவான். வருஷம் முழுக்கப் பார்க்காத சொந்தம் எல்லாம் ஒரே மரத்தடியில் கூடும். எங்கள் சில்லுக்காரர் ஒவ்வொருவரும் நடுவில் உட்கார்ந்திருப்பார். சுற்றி இருபது பேர் ஒரே நேரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். கோயிலுக்குப் போகாதே என்று யாரிடம் சொல்ல முடியும்? கேட்காதே என்றுதான் சொல்ல முடியுமா?

மறுநாள் காலை தியோடர் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். திருத்தம் வெளியே போக விதிப்படி மூன்று மாதச் சோதனை உண்டு என்றார். பழைய அரை நொடித் தாமதம் திரும்ப வரும், புகார் வரும் என்றார். சில்லில் கோளாறு என்று வெளியே தெரிந்தால் பயத்தில் பாதிப் பேர் அணைத்துவிடுவார்கள், அதிலும் ஆள் சாவார்கள் என்றார். கடைசியாகச் சொன்னது உண்மையான கவலைதான், அதனால் கோபத்தை அடக்கிக்கொண்டேன். சுகாதாரத்துறைக்கும் எல்லா மருத்துவமனைக்கும் அனுப்ப எழுதி வைத்திருந்த கடிதத்தை அவரிடம் நீட்டினேன். அவர் இரண்டு தடவை படித்தார்.

"க்கா, இதுல 'என் தவறு'ன்னு போட்டிருக்கிய. 'தவறு'ன்னு மட்டும் போடுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

"அது தானா நடந்து வந்து உக்காரல, தியோடர். நான்தான் கொண்டுவந்து வச்சேன். உங்க அப்பாவை ஆஸ்பத்திரில பாக்கப் போனப்ப வீட்டுல எத்தனை பேர் போனிய?"

 ஒன்பது பேர் போனோம் என்றார். ஒன்பது பேரும் என்ன கேட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவர் பேனாவை எடுத்து, என் கையெழுத்துக்குக் கீழே தன் பெயரையும் போட்டார். கடிதம் போனது; அவசரத் திருத்தத்துக்குச் சுகாதாரத்துறையின் வாய்மொழி அனுமதி அன்று மாலையே வந்தது. எழுத்தில் வர இரண்டு நாள் ஆனது.

எழுத்துக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே தொடங்கினேன், மொத்தம் ஆறு நாள். கைநோட்டைத் திரும்ப வைத்தேன். வெளிக்கட்டுக் கை எட்டாத இடத்தில் அதை வைத்துப் பூட்டினேன். ஒரு கேள்வி உள்ளே இருந்தால் அடுத்தது வாசலில் நிற்க வேண்டும் என்று எழுதினேன். எழுதியதை ஐந்து பேரிடம் கொடுத்து, செண்பகவல்லி எழுதினாள் என்று விட்டுவிடாதே, ஒரு திருடி எழுதினாள் என்று நினைத்துப் படி என்றேன். சோதிக்க கேன்டீன் ஆட்கள், டிரைவர்கள், கணக்குப் பிரிவு என்று இருபத்திரண்டு பேரைக் கூட்டி வந்து ஒரு பொம்மைத் தலையைச் சுற்றி நிறுத்தினேன். என்னைத் தெரியுதா, என்னைத் தெரியுதா என்று மணிக்கணக்கில் கத்தினார்கள். பொம்மைக்கே பதில் சொல்ல வாய் வந்துவிடும் போலிருந்தது. நாலாயிரம் தடவை கேட்டோம். ஒரு தடவைகூடக் கோடு படுக்கவில்லை.

ஒரே ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. கைநோட்டுக்கு இடம் வேண்டும், அது சரியாக ஒரு முகத்தின் இடம். மற்றவர்களுக்குக் காலி இடம் கிடந்ததால் பிரச்சினை இல்லை. இரண்டாயிரத்து எண்ணூறு பேரில் முந்நூறும் நிரம்பியவர் ஒருவர்தான்.

உத்திரத்துக்கு இரண்டு நாள் முன்னால் அம்பாசமுத்திரம் போனேன். மதினி கதவைத் திறந்தார், பேசவில்லை. ஆனால் காப்பி வந்தது. அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒரு முகத்தை விட்டாக வேண்டும். அந்த ஆளோடு பேசியது, பழகியது எல்லாம் சேர்ந்து போகும். யார் என்பதை அவரே தேர்ந்தெடுக்க வேண்டும், நாங்கள் தலையிடக் கூடாது. அழித்ததைத் திரும்பச் சேர்க்கவும் இனி இடம் இருக்காது. டெப்போவில் செத்துப்போனவர்கள் யாராவது இருந்தால் சுலபம் என்றும் சொல்லிப் பார்த்தேன்.

"செத்தவனை நான் மறந்துட்டா அப்புறம் அவன் எங்க போவான்?" என்றார்.

யோசிக்க வேண்டும் என்று என்னைத் தெருப்பக்கம் போய் நிற்கச் சொன்னார். மதினியை மட்டும் இருக்கச் சொன்னார். நான் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். பத்து நிமிஷம் கழித்து, அழித்தாயிற்று, திருத்தமும் ஏறிவிட்டது என்று என் கருவியே சொன்னது. உள்ளே போகலாமா என்று பார்த்தேன். மதினி வாசலுக்கு வந்து, அவருக்குத் தலை கிறுகிறுப்பாக இருக்கிறது, நீங்கள் கோயிலுக்கு வாருங்கள் என்றார். பேசிவிட்டாரே என்ற நிம்மதியில் நான் வேறொன்றும் யோசிக்கவில்லை.

உத்திரத்தன்று காலைக்குள் இரண்டாயிரத்து எண்ணூறு சில்லிலும் திருத்தம் ஏறிவிட்டது. மலையடிவாரத்தில் அண்ணாச்சி வீட்டாரின் சாஸ்தா கோயில். பொங்கல் புகையும் மேளமும் கூட்டமுமாக இருந்தது. மருதமரத்தின் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்று, கையில் இருந்த கருவியில் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கச்சிமார் வந்தார்கள், மச்சினர்கள், சென்னைக்காரர்கள், பெங்களூர்க்காரர்கள். பதினைந்து பேராவது இருப்பார்கள். யாருக்கும் பொறுமை இல்லை.

"மாமா, என்னைத் தெரியுதா?" "சித்தப்பா, நான் ஆரு சொல்லுங்க?" "அண்ணே, என்னைத் தெரியுதா?"

என் மூச்சுதான் நின்றது. கோடு நிற்கவில்லை. ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி ஒழுங்காகப் போய்க்கொண்டே இருந்தது. அண்ணாச்சி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அரை நொடி. பிறகு பெயர். அரை நொடி. பிறகு பெயர். சின்னத் தங்கச்சி மட்டும் முகத்தைத் தூக்கிக்கொண்டு, "யோசிச்சுல்ல சொல்லுதாரு" என்றாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போல் இருந்தது.

கூட்டம் பொங்கல் பானைப் பக்கம் கலைந்தது. நான் அவர் முன்னால் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அரை நொடி போயிற்று. இன்னொரு அரை நொடியும் போயிற்று.

"ஆரும்மா நீங்க? நம்ம கூட்டமா?"

கருவியைப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. என்னைத் தெரியுதா என்ற கேள்வி தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கேட்கவில்லை.

மதினி பின்னாலிருந்து என் தோளைத் தொட்டுத் தள்ளிக் கூட்டிப்போனார். "அன்னைக்கு நான் எவ்வளவோ சொன்னேன், மெமோ குடுத்தவன் இன்னொருத்தன் இருக்கான், அவனை அழிங்கன்னேன். கேக்கல. 'அந்தப் பிள்ளை என் முன்னால வரும்போதெல்லாம் தப்புப் பண்ணுன மாதிரியே நிக்கி. மன்னிச்சுட்டேன்னு சொன்னாலும் அது அப்படியேதான் நிக்கும். எனக்குத் தெரியாமப் போயிட்டா எங்கிட்ட நிக்க வேண்டாம்லா'ன்னு சொல்லிட்டு அமுக்கிட்டாரு."

அழுதேன். மதினி முந்தானையைக் கொடுத்தார், நான் ஒதுக்கவில்லை. பிறகு முகத்தைக் கழுவிவிட்டு வந்து அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். என் பெயர் செண்பகவல்லி, பாளையங்கோட்டை, சில்லு வேலை பார்க்கிறேன் என்றேன். நல்ல வேலை என்றார். அந்தச் சில்லில் ஏதோ கோளாறாம், யாரோ சரிபண்ணிவிட்டார்களாம், வீட்டில் சொன்னாள் என்றார். ஆமாம் என்றேன். சாப்பிட்டீர்களா என்று கேட்டு, இலை போடச் சொன்னார்.

சாப்பிட்டேன். பையைத் தடவிப் பார்த்தேன். பஞ்சில் பொதிந்த சில்லு இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்து, இயற்கை இல்லை, நான்தான் என்று சொல்ல வேண்டிய வீடு ஒன்று பாக்கி இருந்தது. அங்கே நாலு பேரன்கள். அவர்கள் கேட்டதால்தான் பாட்டி போனார் என்று எந்தப் பேரனும் நினைத்துக்கொண்டு இருக்கக் கூடாது. அங்கே யாரும் என்னை அழித்துவிட முடியாது, அழிக்கவும் வேண்டாம்.

"அண்ணாச்சி, கடையநல்லூருக்கு இங்கருந்து எப்படிப் போகணும்?"

"அம்பை போய் ரெண்டே காலுக்குத் தென்காசி வண்டியப் புடிங்க. தென்காசில எறங்கி மாறணும். முன்சீட்டுல உக்காராதிய, வெயில் அடிக்கும்" என்றார். அதற்கு மட்டும் அவர் அரை நொடிகூட யோசிக்கவில்லை.